கட்டில் டாக்டரின் இடது கை

மருத்துவமனைக்குப் பின்னால், சலவைக் கூடத்தை ஒட்டினாற்போல் இருந்தது பழுதுபார்க்கும் கொட்டகை. அங்கே இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்த பிட்டரை வார்டுகளில் யாரும் பிட்டர் என்று கூப்பிட்டதில்லை. கட்டில் டாக்டர் என்றால்தான் தெரியும். தலைமாடு தூக்காத கட்டில், ஒரு பக்கமாகவே இழுக்கும் சக்கர நாற்காலி, ஊரைக் கூட்டும் மருந்து வண்டி, எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். போன வருஷம் ஒரு கட்டில் அந்த நன்றியை மறந்துவிட்டது. தூக்கிப் பிடித்திருந்த இரும்புச் சட்டம் நழுவி அவருடைய இடது கை விரல்கள் மேல் இறங்கியது. எலும்பு கூடிவிட்டது, தோலும் மூடிவிட்டது. மூன்று விரல்கள் மட்டும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்து அப்படியே நின்றுவிட்டன. உள்ளங்கையால் அழுத்துவார், தள்ளுவார். ஒரு ஆணியைக்கூடப் பிடிக்க முடியாது.

பிட்டருக்கு ஒரு கை அரம் போட, ஒரு கை பிடிக்க. பிடிக்கிற கை போனால் மீதி என்ன?

இன்ஜினியரம்மா அதைத்தான் அந்தத் திங்கட்கிழமை நாசூக்காகச் சொன்னார். வயதில் சின்னவர், வேலையில் கறார், மனதில் கெடுதல் கிடையாது.

"அண்ணே, மெயின் கேட்ல ஒரு ஆள் குறையுது. அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க அங்க போயிடுங்க. பட்டன அமுக்கினா குறுக்குக் கட்டை மேல போகும், திரும்ப அமுக்கினா கீழ வரும். நிழல்ல உக்காந்து பாக்கற வேலை."

"எனக்கு உக்காந்து பழக்கமில்லீங்கம்மா."

"நாற்காலி பிரேக் எட்டு நாளா அப்படியே கெடக்குதே அண்ணே. வார்டுல கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

பிட்டர் தன் மேசையைப் பார்த்தார். நீளமான மரப்பலகை, மேலே அரங்கள் வரிசையாக. இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் வைஸ் கொட்டகையில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வெல்டர் மேசையில். அதன் வாயில் எந்நேரமும் சூடான இரும்பு இருக்கும். இத்தனை வருஷமும் சின்னச் சாமான்களைப் பலகை விளிம்பில் வைத்து இடது கையாலேயே இறுக்கிப் பிடித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

"என் மேசைக்கு ஒரு வைஸ் போட்டுக் குடுங்கம்மா. அது பிடிச்சுக்கும், நான் ராவிக்கறேன். கை பிடிக்காதே தவிர, அழுத்தும்."

"புதுசா எதுவும் வாங்கக் கூடாதுன்னு உத்தரவு. ஒரு ஸ்க்ரூ டிரைவருக்கே நான் மூணு கையெழுத்து வாங்கறேன்." அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "இருக்கிறதை வெச்சு நீங்க எப்படியாவது பண்ணிக்க முடிஞ்சா பண்ணிக்குங்க. அடுத்த வாரம் சனிக்கிழமை நான் வர்றேன். சாயங்காலத்துக்குள்ள ஆறு நாற்காலிக்கு பிரேக் போட்டுக் காட்டுங்க. அப்புறம் கேட் பேச்சை நான் எடுக்க மாட்டேன்."

பன்னிரண்டு நாள் இருந்தது.

இருக்கிறதை வைத்து என்றால், கழித்துப் போட்ட சாமான் அறைதான். மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு அங்கே நுழைந்தார். உடைந்த கட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும் இருந்தன. அடியில், சுவரோரமாக, கறுப்பாக ஒரு மூட்டை மாதிரி ஏதோ தெரிந்தது. காலால் தட்டினார். பெருவிரல் வலித்தது. குனிந்து துடைத்துப் பார்த்தபோது வலி மறந்துபோயிற்று. வைஸ். வெல்டருடையதைப் போல ஒன்றரை மடங்கு. கட்டடம் கட்டிய காலத்திலேயே யாரோ கொண்டுவந்து, யாரோ உடைத்து, யாரோ தூக்கிப் போட்டது. அது வேலை செய்து பார்த்தவர் இப்போது ஒருவரும் இல்லை. கைப்பிடி கிடையாது. தாடை இரண்டிலும் பதித்திருந்த எஃகுத் தகடுகள் கிடையாது. துருவேறித் தாடைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவர் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, பலகையைச் சாய்த்து நெம்பி, அதை நாற்காலியில் ஏற்றினார். கழித்த இரும்பு என்று எழுதி இன்ஜினியரம்மாவிடம் கையெழுத்து வாங்கிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போனார்.

வராந்தாவில் ஒரு நர்ஸம்மா வழிமறித்தார். "என்ன டாக்டர், உங்க பேஷன்டுக்கு என்ன?"

"வாயே திறக்க மாட்டேங்குது சிஸ்டர். ரொம்ப வருஷமா பட்டினி."

"கூட யாரும் வரலையா?"

"நான்தான் சொந்தம்."

மெயின் கேட்டில் காவல்காரர் சீட்டை வாங்கித் தலைகீழாக ஒரு முறை, நேராக ஒரு முறை பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்து டக்கென்று தரையைத் தட்டியது. "இதுக்கு ஒரு கால் குட்டை. அட்டைய மடிச்சு வெச்சு வெச்சு எனக்கு அலுத்துப்போச்சு. வந்ததும் நீங்க முதல்ல இதைப் பாருங்க. இனிமே நீங்கதானே உக்காரப் போறீங்க."

செய்தி அவருக்கு முன்னாலேயே கேட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. பிட்டர் நாற்காலியைத் தள்ளினார்.

வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு முன்னறை, ஒரு பின்னறை, பின்னால் துணி துவைக்கிற சிமெண்டுத் தளம். மனைவி மெத்தை தைப்பவள். முன்னறையில் பாதியை அவளுடைய மெத்தை அடைத்துக்கொள்ளும், மீதியில் குடித்தனம். சக்கர நாற்காலியில் வந்த விருந்தாளியைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏங்க, இது என்ன கொடுமை?"

"என் இடது கை."

அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "உங்க கை இதைவிட நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் டின்னை எடுத்து வரப் போனாள்.

மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார்கள். நாலாம் நாள் அதன் மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி, மனைவி இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் உள்ளங்கையால் தள்ள, நகரும் தாடை ஒரு முனகலோடு வெளியே வந்தது. கூடவே உள்ளேயிருந்து நொறுங்கிய வெண்கலத் துண்டுகள் உதிர்ந்தன. வைஸின் உயிரே அதற்குள் இருக்கிற நட்டுதான். கைப்பிடியைச் சுற்றினால் திருகுத் தண்டு சுழலும். தண்டு அந்த நட்டுக்குள் மரை பிடித்து ஏறினால்தான் தாடை நெருங்கும். தண்டு முழுசாக இருந்தது. நட்டு பொடிப்பொடியாக இருந்தது.

தெருமுனையில் லேத் கடை வைத்திருந்தவன் மனைவியின் தம்பி. டர்னர், கடைசல் வேலையில் கெட்டிக்காரன். அதை அவன் வாயாலேயே தினமும் கேட்கலாம். தண்டைக் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி ஆட்டினான்.

"என்ன மாமா, பீரங்கி எதையாவது பிரிச்சிட்டீங்களா?"

"இதுக்கு ஒரு நட்டு வேணும் மாப்ள. வெண்கலத்துல."

"வெண்கலம் இருந்தா கொண்டாங்க. ஒரு பொழுதுல போட்டுடலாம்."

பிட்டரின் பார்வை கதவடிக்குப் போயிற்று. அந்தக் கடைக் கதவுக்கு ஒரு வியாதி: காற்றே இல்லாவிட்டாலும் தானாகச் சாத்திக்கொள்ளும். அது சாத்தாமல் இருக்க ஒரு வெண்கலக் கட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருந்தான். எந்தக் கப்பலில் எதற்கு இருந்ததோ, பூசணிக்காய் அளவு இருக்கும். பதினொரு வருஷமாக அங்கேயே குந்தியிருந்தது.

டர்னர் அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டான். "அதை மட்டும் கேக்காதீங்க மாமா. அது ஒரு நல்ல வேலைக்குன்னு வெச்சிருக்கேன்."

"எந்த வேலைக்கு?"

"வரும்போது தெரியும். வெல்டர் கேட்டான், பம்ப் ரிப்பேர்க்காரர் கேட்டார். உங்களுக்குக் குடுத்தா அவங்க என் சட்டையப் பிடிப்பாங்க."

பிட்டர் வற்புறுத்தவில்லை. மச்சினனிடம் ஒன்றைக் கேட்டு அவன் இல்லை என்று சொல்லிவிட்டால், இரண்டாம் தடவை கேட்க அவருடைய நாக்கு ஒத்துழைக்காது.

அடுத்த மூன்று நாளும் வேலை முடிந்ததும் நேராகப் பழைய சாமான் கடைத் தெரு. அளவு குறித்த அட்டையைக் காட்டிக் காட்டி அதன் ஓரம் நைந்துவிட்டது. ஒரு கடைக்காரர் தராசுத் தட்டில் கொட்டியிருந்த நட்டுகளைக் கிளறி, பொருந்தாத நாலைந்தை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துவிட்டு, "இந்த வைஸ் செஞ்ச கம்பெனி இருக்கான்னே தெரியலீங்க, நட்டுக்கு எங்க போறது," என்றார். இன்னொருவர், இதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டு போகும்படி அன்பாக யோசனை சொன்னார். கடைசிக் கடையில், உடைந்த தண்ணீர்ப் பம்புகளின் குவியலில், பிட்டரே முழங்கை வரை கையை விட்டுத் துழாவி தடித்த வளையம் மாதிரி ஒரு வெண்கல புஷ்ஷை எடுத்தார். சுவர் தடிமன் மட்டாகத்தான் இருந்தது. ஒரு நட்டுக்கு ஆகும். ஒன்றுக்குத்தான் ஆகும்.

மற்ற சாமான்கள் மருத்துவமனையிலேயே கிடைத்தன. தலைமாடு தூக்குகிற பழைய கட்டில் சுழற்றியின் கம்பி கைப்பிடி ஆயிற்று. ஒரு வண்டியின் வில்பட்டை இரண்டு துண்டானது, தாடைத் தகடுகளுக்காக. அரம் ஏறும்படி அதை வெல்டர் தன் நெருப்பில் காய்ச்சிச் சாம்பலில் ஆறப் போட்டுக் கொடுத்தான். ஆனால் அதில் கட்டம் கட்டமாக வரி கீறவேண்டுமே. வைஸ் செய்ய வைஸ் வேண்டும்.

"நான் சாப்பிடற அரை மணி நேரம் என்னுது உங்களுது," என்றான் வெல்டர். "ஆனா அண்ணே, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. செத்ததைத் தோண்டி எடுத்து, அதுக்குப் பல்லு வேற கட்டறீங்களே."

"நீ மெதுவா மென்னு சாப்பிடு. அது போதும் எனக்கு."

வெல்டர் அந்த வாரம் முழுக்க உண்மையிலேயே மெதுவாகத்தான் சாப்பிட்டான்.

நட்டுக்கு அளவு எடுத்தது வியாழக்கிழமை மாலை. தண்டின் நுனியை யாரோ ஒரு காலத்தில் சுத்தியலால் அடித்து நசுக்கியிருந்தார்கள்; நட்டு நுழையும் அளவுக்கு டர்னர் அதை அரத்தால் வழித்துவிட்டான். மற்ற இடமெல்லாம் பழைய கிரீஸ் காய்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சுரண்டி, பிட்டரே இரும்பு அளவுகோலை வைத்தார். மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.

"அங்குலத்துக்கு நாலு மேடு."

"அப்ப ஒரு சுத்துக்குக் கால் அங்குலம்," என்றான் டர்னர். "சதுர மரை. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

லேத் பாடியது. வெண்கலச் சுருள்கள் பொன்னிறமாக உதிர்ந்தன. முடிந்ததும் அவன் நட்டை ஊதித் துடைத்து, மோதிரம் போடுகிற மாதிரி தண்டின் நுனியில் மாட்டினான். அரைச் சுற்று ஏறியது. நின்றுவிட்டது. பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினான். அதே இடம்.

"அழுக்கு," என்றான்.

"அளவு?"

"என் அளவுல என்ன இருக்கு? உங்க தண்டு ஒரு சாக்கடை. இதுல எது ஏறும்?" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினான். உள்ளே மளுக்கென்றது. வெளியே எடுத்தபோது நட்டின் மரையில் பாதி, தட்டில் தூளாகக் கொட்டியது.

பிட்டர் குனிந்து அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"முதல்ல தண்டைச் சுத்தம் பண்ணிக் கொண்டாங்க மாமா. ஒரு மரை விடாம. அப்புறம் பேசலாம்," என்றான் டர்னர். குரலில் மிடுக்கு இருந்தது, முகத்தில் இல்லை.

சுத்தம் பண்ணி என்ன ஆகப்போகிறது, வெண்கலத்துக்கு எங்கே போவது என்று பிட்டர் கேட்கவில்லை. தண்டைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட் கட்டை மேலே போவதையும் கீழே வருவதையும் நினைத்தார். மேலே. கீழே. நிழலாகத்தான் இருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்து அவர் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் மனைவி தண்டை இரண்டு முக்காலிகளுக்கு நடுவே படுக்க வைத்திருந்தாள். மெத்தை தைக்கிற தடித்த நூலை மண்ணெண்ணெயில் நனைத்து, பள்ளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனையையும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தாள். நூல் பள்ளத்தைத் தேய்த்தபடியே மெல்ல மெல்ல முன்னேறியது. கறுப்புச் சாறு சொட்டுச் சொட்டாகக் காகிதத்தில் விழுந்தது.

"விடு, நான் பாத்துக்கறேன்."

"நூலைப் பிடிக்க ரெண்டு கை வேணும்," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "என் தம்பி அழுக்குன்னு சொன்னானில்ல. அவன் கண்ணுக்கு முன்னாடி பளபளன்னு வெச்சுட்டுப் பேசுவோம்."

அவர் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் வேலையை முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தண்டை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பள்ளத்தை விட்டு நூலை வெளிய எடுக்கவே இல்ல. ஆனா பாதிதான் சுத்தமாயிருக்கு."

"நடுவுல தாண்டியிருப்பே."

"மெத்தை தைக்கிறவகிட்ட தையல் தாண்டிச்சுன்னு சொல்றீங்களா?"

பிட்டர் குனிந்தார். ஒரு பள்ளம் வெள்ளி. அடுத்த பள்ளம் கறுப்பு. அடுத்தது வெள்ளி. அடுத்தது கறுப்பு. நேற்றுச் சுரண்டிய இடம் தவிரத் தண்டு முழுக்க அப்படியே, பட்டை போட்ட மாதிரி.

தன் வலது ஆள்காட்டி விரலின் நகத்தை ஒரு வெள்ளிப் பள்ளத்தில் வைத்துத் தண்டை மெதுவாக உருட்டச் சொன்னார். அவள் உருட்டினாள். ஒரு முழுச் சுற்று வந்தபோது நகம் பக்கத்துப் பள்ளத்துக்குப் போகவில்லை. அதைத் தாண்டி அதற்கடுத்த வெள்ளிப் பள்ளத்தில் போய் நின்றது. கறுப்புப் பள்ளம் நடுவில் தனியாக, தன் பாட்டுக்குத் தன் வழியே ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு," என்றார்.

"என்ன ரெண்டு?"

"ஒரு மரை இல்ல இது. ரெண்டு மரை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நீ ரெண்டு நூலைச் சேத்து வெச்சு ஒரே நேரத்துல சுத்தினா எப்படி இருக்கும், அப்படி. ஒரு சுத்துக்குக் கால் அங்குலம்னு நாங்க வெட்டினோம். இது ஒரு சுத்துக்கு அரை அங்குலம் ஓடற ஆளு." அவருக்குச் சிரிப்பு வந்தது. "மேட்டுக்கு மேடு அளந்தேன் பாரு, இருபத்தாறு வருஷ பிட்டர். ஒரு தடவை விரலால சுத்திப் பாக்கத் தோணல."

"அப்ப அழுக்கு இல்லையா?"

"அழுக்குதான் மறைச்சுது. உன் தம்பி சுத்தம் பண்ணச் சொன்னது நல்லதாப் போச்சு."

அவள் ஈர நூலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். "நானும் வர்றேன். இதை அவன்கிட்ட நான்தான் சொல்லுவேன்."

டர்னர் அப்போதுதான் கடையைத் திறந்து, கட்டையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அக்காவும் மாமாவும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று எழுந்து நின்றான்.

"இந்தாடா, உன் சாக்கடையைச் சுத்தம் பண்ணிட்டேன். ஒரு தடவை இந்த நூலைப் பள்ளத்துல விட்டு அந்தக் கோடிக்குக் கொண்டு போ."

"எதுக்குக்கா?"

"கொண்டு போன்னா கொண்டு போ."

அவன் அலுத்துக்கொண்டே நூலைச் சுற்ற ஆரம்பித்தான். மூன்றாவது சுற்றில் கை தயங்கியது. நாலாவதில் நின்றுவிட்டது. நூல் கிடந்த பள்ளங்களுக்கு நடுவே கறுப்புப் பள்ளங்கள் காலியாக அவனைப் பார்த்தன. அவன் முகத்தில் ஈயாடவில்லை. நூலை முழுக்க அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தான்.

"ரெட்டை மரை," என்றான் கடைசியில், நூலிடம்.

"என் அளவுல என்ன இருக்குன்னு யாரோ கேட்டாங்களாமே," என்றாள் அக்கா.

"அளந்தது நான்," என்றார் பிட்டர். "அவனைச் சொல்லாதே."

டர்னர் தலையை ஆட்டினான். "அளவு நீங்க சொன்னீங்க மாமா. வெட்டினது நான். ஏறலைன்னு தெரிஞ்ச பிறகும் முரட்டுத்தனமா அழுத்தினது நான்." பிறகு கதவடிக்குப் போய்க் குனிந்தான். இரண்டு கையாலும் அந்த வெண்கலக் கட்டையை அணைத்துத் தூக்கினான். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகக் கடை நேரத்தில் கதவு தன் இஷ்டத்துக்குப் போய் டமாலென்று சாத்திக்கொண்டது.

பிட்டர் கை நீட்டித் தடுத்தார். "மாப்ள, அது நல்ல வேலைக்குன்னு..."

"நல்ல வேலை வந்தாச்சு. ரெட்டை மரை நட்டு வெட்டினேன்னு நாளைக்கு நானே நாலு பேர்கிட்ட பீத்திக்கலாம். இந்த ஊர்ல எவன் வெட்டியிருக்கான்?" கட்டையை லேத்தின் வாயில் பூட்டினான். "கதவைத் திறந்து பிடிங்கக்கா, வெளிச்சம் வேணும்."

பிட்டர் அரை நாள் விடுப்பு சொல்லி அனுப்பிவிட்டு அங்கேயே நின்றார். முதல் பள்ளம் வெட்டி முடிந்ததும் டர்னர் இயந்திரத்தை நிறுத்தி, பல்சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு பல்லுக்குக் குறி போட்டான். நாற்பது பல் சக்கரம். இருபதை எண்ணி எதிர்ப்பல்லுக்கு இன்னொரு குறி. இந்தத் தடவை அவன் மூன்று முறை எண்ணினான். பிட்டர் ஒரு முறை எண்ணினார். அக்காவும் கதவைப் பிடித்தபடி உரக்க எண்ணினாள். சக்கரத்தைக் கழற்றிச் சரியாகப் பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டி, முதல் பள்ளத்துக்கு எதிரில் இரண்டாவதை வெட்டத் தொடங்கினான். சுருள் சுருளாக அந்தக் கதவுக் கட்டை உதிர்ந்தது.

நட்டைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, மாமாவிடமே நீட்டினான். "நீங்க போடுங்க."

பிட்டர் தண்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, நுனியில் நட்டை வைத்து, தன் இடது உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது சுழன்றது. சுழன்றுகொண்டே போயிற்று. யாரும் தொடாமல், தன் எடையிலேயே, பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கித் தண்டின் அடியில் போய் டிங்கென்று உட்கார்ந்தது.

அக்கா கதவை விட்டுவிட்டாள். அது டமாலென்றது. ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வைஸ் கொட்டகைக்குள் மறுபடியும் சக்கர நாற்காலியிலேயே வந்து இறங்கியது. வெல்டரும் பிட்டரும் சேர்ந்து அதை மேசையில் ஏற்றி நாலு போல்ட்டு போட்டு முறுக்கினார்கள். வெல்டர் புதுத் தகடுகளைத் தடவிப் பார்த்து, "பல்லு நல்லாத்தான் கட்டியிருக்கீங்க," என்றான். பிறகு கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். தாடை சரேலென்று அரை அங்குலம் நகர்ந்தது. அவன் தன் மேசைக்குப் போய்த் தன் வைஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "இது என்ன அண்ணே, ஓடுது?"

"ரெட்டை மரை."

"என்னுது நடக்குது."

"நீ மெதுவா சாப்பிடற ஆளு. உனக்கு அது போதும்."

பிட்டர் முதல் பிரேக்குக்கான இரும்பை வாயில் வைத்தார். கைப்பிடியை இறுக்க விரல்கள் தேவைப்படவில்லை. இடது உள்ளங்கையால் ஒரு தட்டு. கவ்விக்கொண்டது. போன வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் ஒரு இரும்பை நம்பி அதன் மேல் அரத்தை வைத்தார். வலது கை பிடியில், இடது உள்ளங்கை அரத்தின் நுனியில். தள்ளினார். இரும்பு அசையவில்லை. அரம் மட்டும் பாடியது. அந்தச் சத்தத்துக்கு வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சலவைக் கூடத்திலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

பத்து மணிக்கு இரண்டு நாற்காலி. சாப்பாட்டுக்கு முன்னால் நாலு. பிட்டருக்குத் தோள் விண்விண்ணென்று தெறித்தது. அது நல்ல வலி, சம்பாதித்த வலி. மூன்றே கால் மணிக்கு ஆறாவது பிரேக்கை மாட்டிவிட்டு, யாரையும் கூப்பிடாமல், ஏழாவதற்கு இரும்பு வெட்ட ஆரம்பித்தார்.

இன்ஜினியரம்மா நாலு மணிக்கு வந்தார். நேராக ஆறாவது நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கைப் போட்டுவிட்டு வெல்டரைப் பார்த்தார். "தள்ளுங்க."

வெல்டர் தள்ளினான். நாற்காலி இம்மி நகரவில்லை.

"நல்லாத் தள்ளுங்க."

"இதுக்கு மேல தள்ளினா நீங்க கவுந்துடுவீங்கம்மா."

ஆறிலும் அப்படியே உட்கார்ந்து பார்த்தார். பிறகு வைஸுக்கு அருகே வந்து, கைப்பிடியை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தார். இன்னொரு தடவை சுற்றினார். சின்னப் பெண் மாதிரி மூன்றாம் தடவையும் சுற்றினார்.

"இது எங்கேர்ந்து அண்ணே?"

"இங்கதாம்மா இருந்தது. இருக்கிறதை வெச்சு பண்ணச் சொன்னீங்க."

இன்ஜினியரம்மா கையிலிருந்த காகிதங்களில் மேலே இருந்த கேட் மாற்றல் உத்தரவை உருவி நாலாக மடித்தார். "கேட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "அது ஏழாவதா?"

"கை சூடா இருக்கறப்பவே போட்டுடலாம்னு."

வேலை முடிகிற நேரத்தில் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. கேட் காவல்காரர். அக்குளில் ஸ்டூலை இடுக்கிக்கொண்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றார்.

"நீங்க வரலையாமே," என்றார்.

"வரல."

"அப்ப நான்தான் இதுலயே உக்காரணும்." ஸ்டூலைத் தரையில் வைத்தார். அது வழக்கம்போல் ஒரு பக்கம் சாய்ந்து டக்கென்றது. "கொஞ்சம் பாக்கறீங்களா, டாக்டர்?"

பிட்டர் ஸ்டூலை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். குட்டைக் காலைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு முட்டு போட அளவு பார்த்தார். இந்தத் தடவை இரண்டு தரம் அளந்தார், விரலால் ஒரு சுற்றும் சுற்றிப் பார்த்தார். பிறகு காலை வைஸின் வாயில் கொடுத்து, இடது உள்ளங்கையால் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினார். மடங்காத மூன்று விரல்களும் விறைப்பாக நிமிர்ந்து நின்றன. வைஸ் ஓடி வந்து கவ்வியது.

"நேரமாகுமா?" என்றார் காவல்காரர்.

"நீங்க உக்காருங்க," என்று பிட்டர் ஏழாவது நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளி, பிரேக்கைத் தட்டிவிட்டார். "பிரேக் போட்டிருக்கேன். ஓடாது."